பாண்டி பழைய பாலம்: படத்துக்கு வருடம் குறித்த கதை

பழம்பொருள் கடையில் வாங்கிய தபால் அட்டை அது. பின்பக்கம் யாரோ பென்சிலால் 'மெட்ராஸ் துறைமுகம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம், கரையில் ஒரு சிலை, பக்கத்தில் உயரமான கல்தூண்கள். தூண்களைப் பார்த்ததுமே மெட்ராஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த அதே தூண்கள்! பாண்டிக்காரர்களுக்கு இதற்கு ஆதாரமே வேண்டாம்.

ஊர் தெரிந்துவிட்டது, காலம்தான் தெரிய வேண்டும். இந்த இரும்புப் பாலம் 1860களில் கட்டப்பட்டு, 1952 புயலில் போனது. இடைவெளி ரொம்பப் பெரிது. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து சிலையைப் பெரிதாக்கினேன். பிரெஞ்சு ஆட்சியில் பாண்டியின் கவர்னராக இருந்த துய்ப்ளேதான். அந்தச் சிலையை வைத்தது 1870இல். (இப்போது அது கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் இருக்கிறது.) ஆக, படம் அதற்குப் பிந்தையது.

மேல் எல்லையை அட்டையின் முதுகு சொன்னது. எல்லோரும் படத்தையே உற்றுப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் அட்டையைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் நடுவில் கோடு இல்லை, முழுக்க விலாசத்துக்கே விட்டிருந்தார்கள். பிரான்சில் 1903 கடைசியில்தான் ஒரு பாதியில் விலாசம், மறுபாதியில் செய்தி என்று எழுத அனுமதித்தார்கள். அதனால் அட்டை பெரும்பாலும் 1904க்கு முன் அச்சானது. மிச்சமிருந்த பழைய அட்டைகள் கொஞ்ச நாள் விற்றிருக்கலாம், அவ்வளவுதான். பாரதி பாண்டிக்கு வந்தது 1908இல். 'பாரதி பார்த்த பாண்டி' என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், அட்டை இடம் கொடுக்கவில்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அச்சுப் புள்ளிகள் வரிசையாக இல்லை, மணல் தூவினாற்போல் இருந்தன. கொலோடைப் அச்சு, அதாவது புகைப்படத்திலிருந்து தகடு செய்து மையால் அச்சடிக்கும் பழைய முறை. அதனால் மூலப் புகைப்படம் அட்டையைவிடப் பழையதாகவும் இருக்கலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மணலில் சலங்குகள் ஏற்றிக் கிடக்கின்றன. ஆழம் போதாமல் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, கரைக்கு ஆளையும் மூட்டையையும் கொண்டுவந்த படகுகள் அவை. பாலம் வந்த பிறகும் சலங்குக்கு வேலை இருந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சட்டம் போடக் கொடுத்த இடத்தில் லேமினேஷன் செய்து தருகிறேன் என்றார்கள். பழைய அட்டைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை, ஒட்டினால் பிரிக்கவே முடியாது. அமிலம் இல்லாத காகித உறைக்குள் போட்டு, உறைமேல் பென்சிலில் எழுதினேன்: புதுச்சேரி, 1870க்குப் பின், ஏறத்தாழ 1904க்கு முன்.