ஒரு வருஷத்துக்குள் தேர்தல் என்றார்கள்

கார்மோ சதுக்கம் என்றதும் பெரிய மைதானம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன், ஆனால் லிஸ்பன் நகரின் மேட்டுப் பகுதியில் இருக்கும் அந்த இடம் ரொம்பச் சின்னது. நடுவில் பழைய கல் நீரூற்று, சுற்றி மரங்கள், ஒரு பக்கம் 1755 நிலநடுக்கத்தில் கூரையை இழந்து இன்னமும் அப்படியே நிற்கும் தேவாலயம், அதை ஒட்டி ஒரு படை முகாம். அவ்வளவுதான். 48 வருஷ சர்வாதிகாரம் இந்தச் சின்ன இடத்தில் ஒரே மாலையில் முடிந்தது என்று நினைத்தபோது அந்த நீரூற்றின் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

போர்ச்சுகலின் 1974 ஏப்ரல் 25 பற்றி நம்மில் பலருக்கு ஒரு படம்தான் தெரியும்: துப்பாக்கி முனையில் சிவப்புக் கார்னேஷன் பூ. அழகான படம்தான். ஆனால் அதற்கு அப்புறம் வந்த ஒரு வருஷம், 1975 ஏப்ரல் 25 வரைக்கும், அதுதான் என்னை இன்னும் அதிகமாகப் பிடித்து இழுக்கிறது. அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரிகள் தங்கள் அறிக்கையிலேயே பன்னிரண்டு மாதத்துக்குள் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்துவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ராணுவம் இப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு நகரவே நகராமல் உட்கார்ந்த நாடுகள் எத்தனை!

முதலில் அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாட்டைப் பல வருஷம் ஆண்ட சர்வாதிகாரி சலஸார் 1968இல் நாற்காலியிலிருந்து விழுந்து செயலிழந்த பிறகு மார்செலோ கயதானோ பிரதமரானார். ஆள் மாறினாரே தவிர ஆப்பிரிக்காவில் அங்கோலா, கினி-பிசாவ், மொசாம்பிக் என்று மூன்று இடங்களில் நடந்த காலனிப் போர் நிற்கவில்லை. 1961இல் தொடங்கிய போர் அது. இளைஞர்கள் அதற்குப் பயந்தே எல்லை தாண்டி பிரான்சுக்கு ஓடினார்கள். போரை நேரில் பார்த்தவர்கள் கேப்டன்கள். 1973இல் பதவி உயர்வு தொடர்பாக வந்த ஒரு ஆணை அவர்களைக் கோபப்படுத்தியது, அதைப் பேசத்தான் கூடினார்கள், பேசப் பேச இந்தப் போரை வெல்லவே முடியாது, ஆட்சியை மாற்றாமல் நிறுத்தவும் முடியாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த இரவுக்கு வானொலிதான் மணி அடித்தது. ஏப்ரல் 24 இரவு 10:55க்கு ஒரு காதல் பாட்டு, தயாராகுங்கள் என்று அர்த்தம். நள்ளிரவு தாண்டி 12:20க்கு ஜோஸே அஃபோன்சோவின் 'கிராந்தோலா, விலா மொரேனா', கிளம்புங்கள் என்று அர்த்தம். சாந்தரேம் குதிரைப்படைப் பள்ளியில் சல்கைரோ மாயா என்ற கேப்டன், வயது 29, வீரர்களை எழுப்பி நிற்க வைத்துப் பேசினார். நாடு வந்து சேர்ந்திருக்கிற இந்த நிலைக்கு இன்றிரவு முடிவு கட்டப் போகிறோம், வருகிறவர்கள் வரலாம், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இருக்கலாம் என்றார். சுமார் 240 பேர் அவரோடு லிஸ்பனுக்குக் கிளம்பினார்கள்.

காலையில் ஆற்றோரம் நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் படபடப்பு அடங்காது. அரசுக்கு விசுவாசமான டாங்கிகள் எதிரே வந்து நிற்கின்றன. மாயா வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டிக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு கையெறி குண்டோடு, பேசுவதற்காக நடந்து போகிறார். சுடு என்று பிரிகேடியர் உத்தரவிடுகிறார். இளம் அதிகாரி ஒருவர் மறுக்க, அவரைக் கைது செய்கிறார்கள். அடுத்து டாங்கிக்குள் இருந்த ஒரு கார்ப்பரலுக்கு அதே உத்தரவு, அவர் மூடியை உள்ளிருந்து சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை. ஆற்றில் நின்ற போர்க்கப்பலும் சுடவில்லை. அந்தக் கார்ப்பரல் கேட்டிருந்தால் அன்றைய கதையே வேறு.

வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று கேப்டன்கள் வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, நகரமே தெருவுக்கு வந்துவிட்டது. பூவும் அப்படி வந்ததுதான். செலஸ்தே கைரோ என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு அன்று முதலாம் ஆண்டு நிறைவு, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் பூ வாங்கி வைத்திருந்தார்கள். இன்று கடை இல்லை, பூவை எடுத்துக்கொண்டு போங்கள் என்று முதலாளி அனுப்பிவிட்டார். வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டார், இவரிடம் சிகரெட் இல்லை, கையில் இருந்த பூவைக் கொடுத்தார், அவர் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டார்.

மாலையில் கார்மோ முகாமுக்குள் இருந்த கயதானோ, அதிகாரம் தெருவுக்குப் போய்விடக் கூடாது, ஒரு ஜெனரலிடம்தான் ஒப்படைப்பேன் என்றார். ஜெனரல் ஸ்பினோலா வந்தார், அவரிடம் கயதானோ ஒப்படைத்தார், கயதானோவைக் கவச வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரத்தம் சிந்தாத புரட்சி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ரகசியப் போலீஸ் தலைமையகத்தின் முன் கூடிய கூட்டத்தின் மேல் அன்று இரவு உள்ளேயிருந்து சுட்டார்கள், நான்கு பேர் செத்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அந்தப் போலீஸின் பழைய சிறை ஒன்று, அல்ஜூபே, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அறைகள். நான் ஒன்றின் வாசலில் நின்றேன், உள்ளே கால் வைக்கவில்லை.

சரி, அந்த ஒரு வருஷத்துக்கு வருகிறேன். மே தினத்தில் லிஸ்பன் தெருக்களில் மக்கள் வெள்ளம், நாடு திரும்பியிருந்த சோஷலிஸ்ட் தலைவர் மாரியோ சுவாரிஷும் கம்யூனிஸ்ட் தலைவர் அல்வரு குன்யாலும் ஒரே மேடையில். அந்த மாதமே குறைந்தபட்ச ஊதியம் 3,300 எஸ்குடோ என்று நிர்ணயமானது. அதுவரை நீதிபதியாக முடியாமல் இருந்த பெண்களுக்கு ஜூனில் அந்த வழி திறந்தது. செப்டம்பரில் கினி-பிசாவின் விடுதலையை ஏற்றுக்கொண்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1961இல் இந்தியப் படை கோவாவுக்குள் போனபோது கடைசி ஆள் வரை சண்டையிடச் சொன்னார் சலஸார். அங்கே கவர்னராக இருந்த வசாலோ இ சில்வா வீணாக ஆட்களைச் சாகக் கொடுக்காமல் சரணடைந்தார், அதற்காக அவரை ராணுவத்திலிருந்தே வெளியேற்றினார்கள். 1974இல்தான் அவருக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 31 அன்று, வெளியுறவு அமைச்சராகியிருந்த சுவாரிஷ் டெல்லியில் கையெழுத்துப் போட்டு கோவா இந்தியாவுடையது என்று ஏற்றுக்கொண்டார். பதின்மூன்று வருஷப் பிடிவாதம்!

இதெல்லாம் வழுக்கிக்கொண்டு நடக்கவில்லை. ஒரே வருஷத்தில் நான்கு இடைக்கால அரசுகள். புரட்சிக்குப் பிறகு ஜனாதிபதியான ஸ்பினோலா காலனிகளை விடுவதில் தயங்கினார், செப்டம்பர் இறுதியில் பதவியை விட்டார், 1975 மார்ச் 11 அன்று அவர் பக்கத்து ஆட்கள் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பீரங்கிப் படை முகாமின் மேல் குண்டு போட்டார்கள். ஒரு சிப்பாய் செத்தார். முகாமைச் சுற்றி வளைத்த பாராசூட் படை அதிகாரியும் முகாமின் அதிகாரியும் நேருக்கு நேர் நின்று, ஏன் எங்களைத் தாக்குகிறீர்கள் என்று வாதாடியதைத் தொலைக்காட்சி கேமரா படம் பிடித்தது. அன்றே ஸ்பினோலா ஸ்பெயினுக்கு ஓடினார். சில நாளில் வங்கிகள் அரசுடைமையாயின.

தேர்தல் இனி நடக்காது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்த நேரம் அது. ஏப்ரல் 12 என்றிருந்த தேதி தள்ளிப் போனது, ஆனால் 25க்குத்தான். ராணுவத்திலேயே சிலர், எந்தக் கட்சிக்குப் போடுவது என்று தெரியாதவர்கள் வெற்றுச்சீட்டு போடுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

1973இல் பழைய ஆட்சி நடத்திய தேர்தலில் பட்டியலில் இருந்தவர்களே ஏறக்குறைய இருபது லட்சம் பேர்தான். இந்த முறை 62 லட்சம் பேர். பதினெட்டு வயதானால் போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, சீட்டில் கட்சிகளின் சின்னம் இருந்தது. காலையிலேயே வரிசைகள் தெரு தாண்டிப் போயின, அறுபது எழுபது வயதில் முதல் முறையாக ஓட்டுப் போட வந்தவர்கள் அந்த வரிசைகளில் நின்றார்கள். 91 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. வெற்றுச்சீட்டும் செல்லாத சீட்டும் சேர்ந்தே ஏழு சதவீதம் வரவில்லை. சோஷலிஸ்ட்டுகளுக்கு ஏறக்குறைய 38 சதவீதம், தெருவில் பலமாகத் தெரிந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு 12 சொச்சம். கேப்டன்கள் கொடுத்த பன்னிரண்டு மாதக் கெடு அன்றோடு முடிந்தது.