கொக்கி வைத்த பெல்ட்டை நான் தூக்கிப் போட்ட கதை

திருச்செந்தூர் வட்டாரத்தில் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு வண்டித் தடத்தில், எதிரே வந்த லாரிக்கு வழிவிடக் காரைச் சற்று ஒதுக்கியபோது, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் செம்மணலில் இறங்கிவிட்டன. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகி, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துகொண்டது. டிக்கியில் உறை பிரிக்காமல் கிடந்த, இரு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த, வண்டி இழுக்கும் பெல்ட்டை எடுத்து, உதவிக்கு வந்த டிராக்டரில் மாட்டினோம். “கொக்கிய நம்பக் கூடாது அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க” என்றார் டிராக்டர்காரர். மூன்றாவது வெட்டி இழுப்பில் கொக்கி வாய் பிளந்து கழன்று, நான் சற்று முன்பு நின்றிருந்த இடத்தைக் கடந்து பம்பரில் அடித்தது.

உறையில் ‘5 டன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆட்களும் சாமான்களும் ஏறினாலும் என் காரின் மொத்த எடை 1.7 டன்னைத் தாண்டாது. அறுபடும் வலிமை வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற பரவலான கணக்கின்படி அது போதுமானதே. பெல்ட்டும் அறவில்லை. அந்த எண் நெய்த பட்டைக்கு மட்டுமே பொருந்தும், கொக்கிக்கு அல்ல என்பதை நான் யோசிக்கவில்லை. தார்ச்சாலையில் இரண்டு பேர் தள்ளினாலே நகரும் கார், மணலில் புதைந்தால் வேறொரு பிராணியாகிவிடுகிறது.

இன்னொரு பிழையும் இருந்தது. பாலியெஸ்டர் பெல்ட் ஏறக்குறைய நீளாது. மெதுவாக, விறைப்பு குறையாமல் இழுப்பதற்கே அது ஏற்றது. நைலான் பெல்ட் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீண்டு, இழுக்கும் வண்டியின் வேகத்தைத் தனக்குள் வாங்கி, பிறகு ரப்பர் போலச் சுருங்கி மாட்டிய வண்டியை வெளியே கொண்டுவரும். நீளாத பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து வெட்டி இழுத்தால், அந்த அதிர்ச்சி முழுவதும் இணைப்பில்தான் இறங்கும். நாங்கள் செய்தது சரியாக அதையே.

நைலான் என்றால் வலிமை கூடக் கூட நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கனத்த ஜீப்புகளுக்கான 8 டன் பட்டை என் சிறிய காரின் எடைக்கு நீள மறுத்து, பாலியெஸ்டரைப் போலவே நடந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் உதவிக்கு வருவது எப்போதும் மெதுவாக இழுக்கக்கூடிய டிராக்டர்தான் என்பதால், முனைகளில் தைத்த வளையங்கள் உள்ள பாலியெஸ்டர் பெல்ட்டையும், பாதுகாப்பான சுமை அளவு உடலிலேயே பொறித்த இரண்டு ஷாக்கிள்களையும் (ஆணி போட்டு மூடும் U வடிவ இரும்பு வளையங்கள்) வாங்கினேன். விலை கொஞ்சம் கடித்தது.

மாட்டும் இடம் பெல்ட்டைவிட முக்கியம். பல கார்களில் பம்பரிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால், ஜாக்கியோடு வரும் இழுவை வளையத்தைத் திருகும் துளை தெரியும். சிலவற்றில் அதன் மரை தலைகீழாக, இடப்பக்கம் திருகினால் இறுகும்படி இருக்கும் என்பதால் வீட்டிலேயே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வளையமும் சாலையில் இழுத்துச் செல்வதற்கானதே, புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுப்பதற்கல்ல. ஆகவே முதலில் மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னுள்ள மணலை அள்ள வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் ஒருபோதும் கட்டக் கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இழுக்கும்போது பெல்ட்டின் நடுவில் ஒரு கனத்த ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் துள்ளல் குறையும்.

பழைய பெல்ட்டைக் கொக்கிகளை வெட்டியெறிந்துவிட்டு அலசிப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் தேரியில் கிடந்ததற்கே, வாளியின் அடியில் ஒரு பிடி செம்மணல் படிந்திருந்தது. அந்த மணிகள் நெசவுக்குள் தங்கி, ஒவ்வொரு இழுப்பிலும் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். புதியதை அதனால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைக்கிறேன்.