சிறைக்கு டிவி தருகிறார்கள், ரிப்பேருக்கு யார் தருவது?

கும்பகோணத்தில் டிவி, மிக்சி, ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள ஒரு கிளைச் சிறையில் டிவி நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். அதைக் கேள்விப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் கடையிலேயே கொதித்துவிட்டார். "திருடனுக்கும் கொலைகாரனுக்கும் நம் வரிப்பணத்தில் டிவியா?" என்றார். கேள்வி பணத்தைப் பற்றியது என்பதால் பணக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். இது என் தொழில்.

32 அங்குல எல்.இ.டி. டிவி சுமார் 50 வாட் இழுக்கும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டால் ஆறு ரூபாய். செட் பத்தாயிரம் ரூபாய், ஐந்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். அதற்கு நாளைக்கு ஐந்தரை ரூபாய். தூர்தர்ஷனின் இலவச டிஷ் மாட்டினால் மாதக் கட்டணமே கிடையாது. பொதிகையாக இருந்து டிடி தமிழ் ஆகியிருக்கும் சேனல் அதில் வரும். ஆக மொத்தம் பன்னிரண்டு ரூபாய்க்குள். ஓர் அறையில் இருபது பேர் இருந்தால் ஆளுக்கு அறுபது பைசாகூட ஆகவில்லை.

அந்தப் பத்தாயிரமும் பல இடங்களில் அரசுப் பணம் இல்லை. ஊரில் உள்ள சேவைச் சங்கங்களும் வசதி உள்ளவர்களும் அன்பளிப்பாகத் தருகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. செட் பழுதானால் யார் செலவு செய்வது? அதற்கென்று யாரும் தருவதில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலைக்குக் கடிதம் எழுதி, மதிப்பீடு வாங்கி, அனுமதி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை செட் சுவரில் சும்மா தொங்கும்.

2024 ஜூனில் அப்படித்தான் ஒரு செட்டைப் பார்க்கப் போனேன். வாசலில் என் பையைக் கொட்டி ஸ்க்ரூடிரைவர், கட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டார் வார்டர். திரும்பும்போது அதே நோட்டைப் பார்த்து எண்ணிய பிறகுதான் கதவு திறக்கும். அது சரியான ஏற்பாடு. அறையில் டிவி ஆளுயரத்துக்கு மேலே, பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டுக்குள் இருந்தது. பின்பக்கம் முழுத் தகடு. டெல்டா வெயிலில் அந்தக் கூண்டுக்குள் கையை வைத்தால் சுடும். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் போகாமல் என்ன செய்யும்?

பேக்லைட் போன செட்டில் சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே படம் நிழல்போல ஓடுவது தெரியும். நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, கீழே மேட்டூர் எத்தனை அடி என்று ஓடுகிறதா, பாருங்கள்" என்றார். வரப்புத் தகராறில் உள்ளே வந்த விவசாயி. ஜாமீன் கிடைத்தும் ஆள்ஜாமீன் நிற்க இருவர் அமையாமல் உட்கார்ந்திருந்தார். செய்தியைக் காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஆனால் நீர்மட்டம் திரையின் அடியில் எழுத்தாகத்தான் ஓடும், வாசிக்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். மனைவி மனு போட்டுப் பார்க்க வரும்போது, குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அணையில் தண்ணீர் போதாமல் ஜூன் 12ஆம் தேதி திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். தஞ்சை ஜில்லாவில் பிறந்தவனுக்கு அந்த நாற்பது சொச்சம் நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அவரைத் திருடன் என்பதா, கொலைகாரன் என்பதா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்பட்டவர்களுக்கும் நீதிமன்றம் விதித்த தண்டனை அடைபட்டிருப்பதுதான். சுவரை வெறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

இங்கிலாந்தில் அறைக்குள் டிவி வைத்துக்கொள்ளும் கைதியிடம் வாரத்துக்கு ஒரு பவுண்டு வாடகை வாங்கும் முறை 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. நடத்தை கெட்டால் செட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படி வசூலிக்கலாமே என்று மகன் கேட்டான். அங்கே பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். வேலைக்குக் கூலி உண்டு. நம் கிளைச் சிறையில் இருப்பவர்கள் விசாரணைக் கைதிகள்; வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மனைவி கொண்டுவரும் காசிலிருந்துதான் அதைப் பிடிக்க வேண்டியிருக்கும். அது நியாயம் இல்லை.

மாலை அறை அடைத்தால் காலையில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் இருபது பேருக்குச் செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் சண்டைதான். டிவி ஓடும் இரவும் ஓடாத இரவும் ஒன்றல்ல என்று சொன்னவர் அங்கே காவல் இருக்கும் வார்டர். அவர் பேச்சை நான் நம்புகிறேன்.

ஆகவே டிவி தர நினைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள். 43 அங்குலம் வேண்டாம், 32 போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு ஸ்டெபிலைசரும் அதே மாடலுக்கான பேக்லைட் பட்டை ஒரு ஜோடியும் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். கூலி எனக்கு வேண்டாம். கூண்டு அடிக்கும் வெல்டரிடம் பின்தகட்டில் காற்றுத் துளை போடச் சொல்லுங்கள். அளவு தெரியாவிட்டால் கடைக்கு அனுப்புங்கள், வரைந்து தருகிறேன்.