உரசிய சைலன்சரும் நான்கு ஈர்க்குச்சிகளும்

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஒரு கிராமச் சாலை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரமும் ஏறி இறங்கியது. தாண்டிவிட்டோம் என்று ஆக்சிலரேட்டரில் கால் வைத்த நொடியில் அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தேங்காய் துருவும் சத்தத்தைப் பத்து மடங்காக்கினால் எப்படியிருக்கும், அப்படி. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் திருப்பவே இல்லை. “மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் இங்கே அந்தச் சத்தம் உண்டு, தம்பி” என்றார்.

வண்டி, பன்னிரண்டு பேர் அமரும் பழைய டீசல் வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் அதை மாற்ற அலைந்தது தனிப் புராணம், அது இங்கே வேண்டாம்.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். “குழாயை வெட்டி மேலே தூக்கி ஒட்டிவிடலாம், அரை மணி நேர வேலை” என்றார்கள். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: “ஏங்க, வாங்கிய புதிதில் இதே சாலையில்தானே போனோம்? அப்போது உரசவில்லையே?”

அந்தக் கேள்விதான் என்னை டேப்பும் நோட்டுமாகத் தரையில் படுக்க வைத்தது.

சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி அளந்தேன். சைலன்சரின் அடியிலிருந்து தரைக்கு 148 மி.மீ. வீடாக்கும் வேலை தொடங்கும் முன் வெறும் வண்டியாக இருந்தபோது அதே இடத்தில் 215 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சைலன்சர் தானாக வளரவில்லை. வண்டிதான் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அந்த வேகத்தடையையும் அளந்தேன். குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடிக்க டீக்கடைப் பையன் உதவினான். உயரம் 17 செ.மீ., அடி அகலம் வெறும் 90 செ.மீ. சாலைகளுக்கு அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டுதல், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மேட்டைச் சொன்னது. 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது அது. உயரத்தைவிட அகலம்தான் முக்கியம் என்பதைத் தாளில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். என் சைலன்சர் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. அளவுப்படி கட்டிய மேட்டில், சைலன்சர் உச்சிக்கு மேல் வரும்போது பின் சக்கரம் இன்னும் மேட்டின் சரிவிலேயே இருக்கும். ஆகவே வண்டியின் பின்பக்கமும் உயர்ந்தே நிற்கும். கணக்குப்படி அடியில் குறைவது ஏறக்குறைய 21 மி.மீ. மட்டுமே. 90 செ.மீ. மேட்டில் சக்கரம் அதற்குள் சமதளத்துக்கு இறங்கிவிடுகிறது. 170 மி.மீ. மேட்டின் மீது 148 மி.மீ. உயரச் சைலன்சர்! உரசாமல் என்ன செய்யும்?

அடுத்து எடைமேடை. முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. மொத்தம் 3,310 கிலோ. முன் அச்சில் 1,180, பின் அச்சில் 2,130. எடைமேடைக்காரர் “சரக்கு எங்கே?” என்று எட்டிப் பார்த்தார். சரக்கு நானே கட்டி வைத்ததுதான். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், ஒவ்வொன்றும் 60 கிலோ இருக்கும் இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளும் கட்டிலுக்கு அடியில், பின் கதவை ஒட்டி இருந்தன. இடம் அங்கேதான் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 3,350 மி.மீ. பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், ஏற்ற இறக்கப் பலகை விளையாட்டு மாதிரி, பின் அச்சில் 136 கிலோ விழுகிறது. முன் அச்சு 36 கிலோ லேசாகிறது. அதையே பின் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் வைத்தால் பின் அச்சில் விழுவது 76 கிலோதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தொட்டியும் பேட்டரிகளும் நடுப்பகுதிக்கு நகர்ந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசி டப்பாக்களுக்கு இடம் போய்விட்டது என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு. மறுபடி எடைமேடையில் பின் அச்சு 2,000 என்று காட்டியது. சைலன்சருக்கு அடியில் 22 மி.மீ. கூடியிருந்தது. இதற்கிடையே சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் மூன்றையும் மாற்றினேன். பழையவை இழுபட்டு, காய்ந்த புளியங்காய் மாதிரி வெடித்துக் கிடந்தன. அதில் மட்டும் 14. மொத்தம் 184. ஒரு குழாயைக்கூட இன்னும் வெட்டவில்லை.

பிறகு நாமக்கல். லாரிகளின் ஊர் என்பதால், அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பற்றிப் பேச அங்கே ஆள் கிடைப்பதில் பஞ்சமில்லை. பட்டறை அண்ணன் வண்டிக்கு அடியில் போகவே இல்லை, பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். “இடது பக்கம் ஒரு பட்டை ஒடிந்திருக்கிறது, தம்பி” என்றார். கழற்றிப் பார்த்தால் இரண்டாவது பட்டை நடு போல்ட் துளையருகே விரிசல் விட்டிருந்தது. துருவேறிய பழைய விரிசல். கூடுதலாக ஒரு பட்டை போடலாமா என்று கேட்டேன். “போட்டால் வண்டி உயரும், ஆனால் அனுமதித்த எடை உயராது. சுமையில்லாமல் போகும்போது முதுகுதான் உடையும்” என்றார். ஒடிந்த பட்டையை மாற்றி, மற்றவற்றை நெருப்பில் காட்டாமல் குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைவைத் திருப்பினார்கள். பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு-போல்ட்டுகள் புதிது. அச்சில் 20 மி.மீ. உயர்ந்தது, சைலன்சர் இருக்கும் இடத்தில் 27.

அப்போது அவர் கவனித்த ஒன்றை நான் கனவிலும் நினைத்திருக்க மாட்டேன். பின் அச்சின் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஒரு கம்பி அதை அச்சோடு இணைக்கிறது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினால், சுமை இல்லை என்று அந்த வால்வு ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்த பிறகே வண்டியை வெளியே விட்டார். மலை ஏறப் போகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கடைசியாகத்தான் சைலன்சர். யாரோ எப்போதோ மாட்டிய 180 மி.மீ. விட்டமுள்ள உருண்டைச் சைலன்சரை எடுத்துவிட்டு, 130 மி.மீ. உயரமுள்ள தட்டையான ஒன்றைப் படுக்கை வாக்கில் வைத்தோம். மிச்சமான 50 மி.மீ. முழுவதையும் தரைக்குக் கொடுக்கவில்லை. மேலே மரப்பலகைத் தரை இருப்பதால் 20 மி.மீ. அளவுக்கு அலுமினியத் தகடும் காற்று இடைவெளியும் எடுத்துக்கொண்டன. பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். டீசல் குழாய்ப் பக்கம் ஈரச் சாக்கைப் போர்த்தினோம். எரிபொருள் குழாய்க்கு 35 மி.மீ.க்குள் புகைக்குழாய் வரக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கின்றன. புகை கீழ்நோக்கியோ இடது பக்கமோ வெளியேறவும் கூடாது. குழாயின் வாய் வலது பின் மூலையில் உடலின் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி வைத்தோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உரசலுக்குப் பயந்து குழாயை வண்டிக்கு அடியிலேயே நறுக்கி விடுகிறவர்கள் உண்டு. ஆள் தூங்கும் வண்டியில் அது விளையாட்டல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கட்டிலருகே அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறேன். பி.எஸ். 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையைப் பார்த்து அப்படியே செய்துவிட வேண்டாம். அதில் வடிகட்டியும் சென்சார்களும் அந்தக் குழாயோடு பிணைந்தவை.

வேலை முடிந்து இருபது கிலோமீட்டர் ஓடியதும் பின்னால் ‘டக் டக்’. காலையில் இல்லாத சத்தம். சூட்டில் குழாய் நீளும் என்பதை மறந்துவிட்டோம். மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். குறுக்குச் சட்டத்துக்கு நாங்கள் விட்ட இடைவெளி 5. மறுபடி கழற்றி 25 ஆக்கினோம். அன்று கையில் பட்ட சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது 241 மி.மீ. ஆனால் நிற்கும்போது எடுத்த அளவு ஓடும்போது செல்லாது. துடைப்பத்திலிருந்து நான்கு ஈர்க்குச்சிகளை உருவி, சைலன்சரின் அடியிலிருந்து 20, 40, 60, 80 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி கம்பியால் கட்டினேன். எது ஒடிகிறதோ, அந்த அளவு வரை மேடு வந்து போயிருக்கிறது என்று பொருள். அதே பள்ளிக்கூடத்து வேகத்தடையில் மெதுவாகத் தாண்டினேன். பெரியவர் இம்முறை தலையைத் திருப்பினார், சத்தம் வரவில்லையே என்று. இறங்கிப் பார்த்தேன். 80 ஒடிந்திருந்தது. 60-இன் நுனி மழுங்கியிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

அங்கிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அடியிலிருந்து ஒரு முனகலும் இல்லை. செம்மேட்டில் டீ குடிக்க ஓரத்து மேட்டில் வண்டியை ஏற்றியபோது மட்டும் பின்னாலிருந்து ‘கிரீச்’ என்றது. குனிந்து பார்த்தேன். 20, 40 குச்சிகள் பத்திரமாக இருந்தன. மண்ணைத் தொட்டு நின்றது பின் கதவுக்கு நான் ஆசையாகச் செய்து மாட்டிய இரும்புப் படி.