"நல்லா இருக்கீங்களா சாமி?"

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்கடியிலிருந்து 40 வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திமரப் பெருமாள்தான் அத்தி வரதர். 1979-இல் அவரைப் பார்த்தபோது அப்பாவுக்கு 22 வயது, தாத்தாவோடு தச்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான், "அடுத்த தடவையும் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்." 2019 ஆகஸ்டில் அந்த அடுத்த தடவை வந்தபோது, 40 வருஷம் குத்துக்காலிட்டு இழைப்புளி தள்ளிய முழங்கால் இரண்டும் போயிருந்தன. அம்மா வேண்டாம் என்றார், டாக்டரும் வேண்டாம் என்றார். சரி, பெருமாள் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று கிளம்பிவிட்டோம்.

காஞ்சிபுரத்துக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசைச் சொன்னால் அவருக்கே வெட்கமாக இருக்கும். இறங்கியதும் ஒருவர் வந்து பாஸ் இருக்கிறது, நேராக சாமி காலடிக்கே போகலாம் என்று காதோரம் பேரம் பேசினார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொது வரிசையில் போய் நின்றுகொண்டார்.

ஏழு மணி நேரம். தலைக்கு மேல் பந்தல், கீழே புழுக்கம், முன்னால் ஒரு குழந்தை விடாமல் அழுகிறது, பக்கத்துத் தடுப்பில் பாஸ்காரர்கள் சரசரவென்று போகிறார்கள். எனக்கு எரிச்சல் பொங்கியது. அப்பாவோ மரக்கதை பேசிக்கொண்டு வந்தார். செக்குக்கு வாகை, நாதஸ்வரத்துக்கு ஆச்சா, மிருதங்கத்துக்குப் பலா, வாசக்காலுக்குத் தேக்கு, கடைசியில் பாடைக்கு மூங்கில். அவர் சொல்லச் சொல்ல மனுஷன் வாழ்க்கையே ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவதுதானோ என்று தோன்றியது. தில்லை மரத்தை மட்டும் எந்த ஆசாரியும் தொட மாட்டான், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், அந்தக் காட்டைத்தான் நடராஜர் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார் பார் என்று சிரித்தார்.

"அத்தியை என்னத்துக்குப்பா வச்சாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டு வேலைக்கு ஆகாது. மெது மரம், வெளியில கிடந்தா சீக்கிரம் உளுத்துப்போகும். ஆனா தண்ணிக்குள்ள போட்டா நிக்கும். காத்து படாதுல்ல, மக்காது." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார், "விசுவகர்மா செஞ்சதுன்னு சொல்றாங்க. மரம் தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான்." அனந்தசரஸ் குளத்துக்கடியில் பெருமாள் ஏன் 40 வருஷம் படுத்திருக்கிறார் என்பதற்கு, பிரம்மாவின் யாகத்தீயில் தோன்றியவர், அந்தச் சூடு தணியத்தான் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இப்படி யாரும் சொன்னதில்லை.

வசந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் எங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. நின்ற கோலம். அவ்வளவு உயரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டும் மாலையுமாகப் போர்த்தியிருக்க, அந்தக் கறுத்த முகம் மட்டும் தெரிகிறது, அதில் அந்தக் கண்கள். வேலை, கடன், பெண் குழந்தையின் படிப்பு என்று ஒரு பட்டியலே கொண்டுபோயிருந்தேன், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "நகருங்க, நகருங்க" என்று முதுகில் கை விழுகிறது. திரும்பினால் அப்பா கைகூப்பிக்கூட நிற்கவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரரிடம் கேட்பதுபோல, "நல்லா இருக்கீங்களா சாமி?" என்றார்.

தள்ளிவிட வந்த பெண் போலீஸ் அதைக் கேட்டிருக்க வேண்டும். தள்ளவில்லை. அப்பாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, "பாருங்க ஐயா, நல்லா பாருங்க" என்றார். பத்து நொடி இருக்குமா? அந்தக் கூட்டத்தில் அது எவ்வளவு பெரியது என்று போனவர்களுக்குத் தெரியும். போலீஸ்கார அம்மா, நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை, அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டேன். வரதா, ஏழு மணி நேரம் உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன், அதையும் பொறுத்துக்கொண்டாயே!

வெளியே வந்த அப்பாவுக்கு ஒரே ஒரு குறைதான், உளித்தடம் எங்கேயும் கண்ணில் படவில்லையாம்.

ஆகஸ்ட் 17, வைபவத்தின் நாற்பத்தெட்டாம் நாள் ராத்திரி, பெருமாளைத் திரும்பக் குளத்தில் எழுந்தருளப் பண்ணுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தது 2059. அம்மா தேம்பினார். எனக்கும் தொண்டை அடைத்தது. அப்பா மட்டும், "மரத்துக்கு அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.