விட்டுப்போன வரி

“அந்த வரி விட்டுப்போச்சாக்கா, இல்ல நீங்க விட்டீங்களா?”

“விட்டுப்போச்சும்மா” என்றேன், முத்திரைக் கட்டையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு.

ஈப்போவில் பையனுக்கு ஆட்டிசம் என்று கடுதாசி கொடுத்த மறுவாரமே அவள் நூலகத்துக்கு வந்துவிட்டாள். செம்பனையில் உரம் போடுகிற வேலை. மலாய் பேசுவாள், புத்தக மலாய் வராது. “தமிழ்ல ஏதாச்சும் இருக்கா?” இல்லை. இருந்தவை மலாய்க் கையேடு ஒன்று, பழைய துரை பங்களாவிலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளறையில் கொண்டுபோய் வைத்தேன். பெட்டல்ஹைம் என்ற உளவியல்காரர் காலத்துச் சரக்கு, தாயிடம் பாசம் போதாமல்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று சொல்வது. 1964-லேயே ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்து எழுதிவிட்டார். அவரே அப்படியொரு பையனுக்குத் தகப்பன். விடியுமுன் பிள்ளையை ஆயாவிடம் விட்டு வேலைக்கு ஓடுகிறவள் கையில் அந்தப் புத்தகம் போகக் கூடாது. இதில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

கையேட்டை நானே இரண்டு ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது என் வேலையே அல்ல. எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் என் வேலை. ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்லும் ‘மதியிறுக்கம்’ என்று எழுதவில்லை. இறுக்கம் என்ற சொல்லைப் பார்த்தாலே அவளுக்கு மூச்சு முட்டும் என்று தோன்றியது. 18 மாதத்தில் கிளினிக்கில் கேட்கிற கேள்விகள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, எல்லாவற்றையும் எழுதினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு, பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு நிலையம், பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு, அதுவும் உண்டு. ஊசி போட்டதால்தான் வந்தது என்று மாமியார் சொல்வதாகச் சொன்னாள். அதற்காகக் கையேட்டில் இல்லாததையும் சேர்த்தேன்: ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று.

ஒரு வரியை மட்டும் விட்டேன். ‘செபாஞ்சாங் ஹயாத்.’ வாழ்நாள் முழுதும்.

ராத்திரி பதினோரு மணி, பேனா அங்கேயே நின்றது. நாளைக்கு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். (அப்படித்தான் நினைத்தேனா? இப்போது யோசித்தால் தெரியவில்லை.) மறுநாள் அந்த வரியைத் தாண்டி அடுத்த பத்தியில் தொடங்கினேன். மூன்று வயதுப் பிள்ளையின் தாய்க்கு முதல் வாரத்திலேயே எதற்கு? பயிற்சியில் பேச்சு வரலாம், பழக்கம் மாறலாம், அதுவும் பொய்யில்லையே. ஆனால் மாமியார் சொன்னதை நம்பாதே என்று அவ்வளவு விவரமாக எழுதிய நான், என்னை நம்பு என்றுதானே கொடுத்தேன்?

கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வாழ்நாள் முழுதும் இருக்கும் என்று பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேயே நின்று என் தாளை மூன்று தடவை படித்தாளாம். “பள்ளிக்கூடம் போனா சரியாயிடும்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்ட விதம் அப்படி. இல்லை, எனக்குத்தான் அப்படிப் படுகிறதோ என்னவோ. அதற்குப் பிறகும் வருகிறாள், பையனையும் கூட்டிக்கொண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, அது சுற்றுவதை அண்ணாந்து பார்ப்பான்.

விட்டுப்போச்சா என்று கேட்ட அன்றைக்கே தாளை நீட்டி, “அந்த வரியையும் எழுதிக் குடுங்க” என்றாள். ஓரத்தில் இடம் இருந்தது, எழுதினேன். ‘பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இருக்கும்.’

மலாயில் ‘பெரும்பாலும்’ இல்லை.