அந்தச் சுருள் எதற்கு?

"இதுல ஏதாச்சும் இருக்கா அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "மரகதம்னா ஏதாவது இருக்கத்தான் செய்யும்மா" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. கல் சோதிப்பவர்கள் மரகதத்தை மூன்றாம் வகையில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இழையோ புள்ளியோ வெடிப்போ இல்லாமல் கிடைப்பது அபூர்வம் என்கிற வகை அது. ஆனால் அவள் மரகதங்களைப் பற்றிக் கேட்கவில்லை. கையில் வைத்திருந்த அந்த ஒரு டாலரைப் பற்றிக் கேட்டாள்.

கல்லை என்னிடம் கொண்டுவந்தது அவளுடைய மாமியார். அவருடைய அம்மாவின் மோதிரக் கல். பட்டை தீட்டாமல் மேலே வழவழவென்று உருட்டிய முட்டை வடிவம், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுச் சின்னது. மோதிரம் தேய்ந்து கல் கழன்றுவிட்டது. பல வருட அழுக்குப் போகட்டும் என்று சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து மேலே ஏறும் ஒரு வெள்ளைக் கோடு. "முன்ன இது இல்லவே இல்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இருந்திருக்கும். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவது இந்தத் தொழிலில் காலங்காலமாக நடப்பது. வெடிப்பில் காற்று இருந்தால் வெளிச்சம் அங்கே சிதறி வெள்ளையாகத் தெரியும். எண்ணெய் இருந்தால் ஒளி கல்லுக்குள் போவது போலவே அதிலும் போவதால் கோடு கண்ணுக்குப் படாது. சூடும் சோப்பும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிட்டன. இதை நிதானமாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் கொதிக்க வைத்ததால்தான் கல் பிளந்தது என்ற எண்ணம் அவர் முகத்தைவிட்டுப் போகவில்லை.

பக்கத்துப் பத்தர் கல்லைக் கட்டித் தர மறுத்துத்தான் அவரை என்னிடம் அனுப்பினார். பத்தர் செய்தது சரி. கீறலைத் தாங்கும் விஷயத்தில் மரகதம் 7.5, 8 என்று இருந்தாலும், வெடிப்புள்ள கல் அழுத்தத்தைத் தாங்காது. கல்லைப் பிடிக்க உலோக நகம் வைத்துக் கட்டினால் அதை மடக்கும்போது முழு அழுத்தமும் ஓரத்தில் இறங்கும். இந்த வெடிப்போ ஓரத்தில்தான் தொடங்குகிறது. நான் செய்வது கம்பிக் கட்டு, கம்பியைச் சுற்றியே கல்லைப் பிடிப்பது. அதில் நெருப்பும் இல்லை, பசையும் இல்லை. முக்கியமாக, நான் இறுக்குவது கல்லை இல்லை, கம்பியைக் கம்பியோடு. 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பியில் கல்லின் விளிம்பு அளவுக்கு முன்னும் பின்னும் சட்டம் வளைத்து, இரண்டையும் 0.3 மில்லிமீட்டர் கம்பியால் இடைவெளி விட்டுச் சுற்றிக் கட்டுவேன். கல் அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சட்டத்தைக் கல்லின் தோள்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கும்போது குறடு பேசாது, விரல்தான் பேசும். கல் அசைகிறதா என்று காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ப்பேன். ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் கம்பி கெட்டிப்பட்டு ஒடிந்துவிடும் என்பதால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான்.

"கோடு தெரியாம கட்டிடு கண்ணு. மருமகளுக்குப் போடப்போறேன்."

இங்கே கோலாலம்பூரில், ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலில் கல்யாணம். புதுப்பெண்ணுக்குப் பழுதுள்ள கல்லைக் கொடுத்தார்கள் என்று யாராவது பேசிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிலப்பதிகாரம் மதுரையின் மணிக் கடைத்தெருவைச் சொல்லும்போதே வயிரத்துக்கு ஆகாத குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று அடுக்குகிறது. ஏகை என்றால் கோடு. கோடு விழுந்த கல் ஆகாது என்ற நினைப்புக்கு அவ்வளவு வயது. பிரிக்பீல்ட்ஸ் மாடியில் உட்கார்ந்து ஒரு மத்தியான நேரத்தில் நான் அதைக் கலைத்துவிட முடியாது.

"அந்தப் பக்கமா ஒரு கம்பி போகும் ஆன்ட்டி" என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வேலை வாங்கும்போது கல்லில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதுவது என் வழக்கம். அவருடைய சீட்டில் மட்டும் எழுத வேண்டாம் என்றார்; பெட்டியோடு அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? சரி என்று என் பிரதியில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

கோட்டின் மேல் போகும் சுருளைப் பற்றித்தான் எனக்குள் வழக்கு. வெடிப்புள்ள இடத்தைக் கம்பி நேராக அழுத்தக் கூடாது. அதன் இரண்டு பக்கமும் பிடித்தால் போதும். பிடித்தேன். அந்த இரண்டு பிடிக்கும் நடுவே, கல்லைத் தொடாமல், பாலம் மாதிரி ஒரு சுருள் ஓடவிட்டேன். மேசை விளிம்பிலோ கதவிலோ டாலர் இடித்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். இது உண்மையான காரணம். யார் கேட்டாலும் கூசாமல் சொல்வேன். ஆனால் இரண்டு வளைவோடு நிறுத்தியிருந்தாலும் அந்தக் காவல் கிடைத்திருக்கும். கோடு முடியும் இடம்வரை மூன்றாவது வளைவைக் கொண்டுபோனது எதற்கு? அழகுக்கு என்று சொல்லலாம். அழகாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மருமகள் வந்தாள். வியர்வையில் வெள்ளி கறுத்துவிட்டது, சுத்தம் செய்து தர வேண்டும் என்றாள். துணியால் கம்பியை மட்டும் துடைத்துக் கொடுத்துவிட்டு, நகைக்கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் மெஷினில் இதைப் போடவே கூடாது, வெந்நீர் வேண்டாம், பளபளப்பாக்கும் திரவத்தில் முக்க வேண்டாம், வீட்டு வேலை செய்யும்போது கழற்றி வை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாலரைச் சாய்த்துப் பிடித்து, சுருளின் அடியில் நகத்தை மெல்ல ஓட்டினாள். அதன்பிறகுதான் அந்தக் கேள்வி.

எங்கள் பட்டறையில் கூட வேலை செய்யும் அக்கா, "நீ கம்பி சுத்துறவ, கல்லுக்கு சர்டிபிகேட் குடுக்கறவ இல்ல" என்கிறார். எண்ணெய் ஏற்றிய கல்லை விற்பவர் வாங்குபவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தொழிலில் விதி இருக்கிறது. நான் விற்கவில்லை. மாமியாரும் விற்கவில்லை, கொடுத்தார். கொடுப்பவருக்கு அந்த விதியில் இடமில்லை. கூலி தந்தவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். அவர் வீட்டு விஷயத்தை அவரே சொல்வதுதான் முறை. அந்தக் கல்லைக் காப்பாற்றத் தேவையானது ஒன்றுவிடாமல் மருமகளிடம் சொன்னேன். இதற்கு மேல் என்ன?

இப்படி அடுக்கிவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கல் இப்போது மாமியாருடையது இல்லை, அந்தப் பெண்ணுடையது. நாளைக்கு எங்காவது இடித்து அது இரண்டாகிவிட்டால், தன் கையில்தான் உடைந்தது என்று நினைப்பாள். கொதிக்க வைத்ததால் பிளந்தது என்று அவள் மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரியே. அந்த ஒரு பழி அவள் தலையில் விழக் கூடாது என்று நினைக்கிறேன். அதே சமயம், சொன்னால் மாமியார் அவள் முன்னால் என்ன ஆவார் என்பதும் எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் மறைத்தவர் இல்லை அவர். தன் அம்மாவின் பொருளை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வராமல் இவளுக்குக் கொடுத்தவர்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நகத்தை ஓட்டியபோதே அவள் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு, நான் சொல்கிறேனா என்றுதான் கேட்டாளோ என்னவோ. இல்லை, பார்த்துவிட்டு, மாமியார் மனசுக்காகப் பேசாமல் போனாளா?

என் சீட்டுப் பிரதி இன்னும் கோப்பில் இருக்கிறது: "இடது ஓரம், மேல்நோக்கி வெடிப்பு, ஏற்கெனவே உள்ளது." கல்லைச் சொந்தக்காரியாகக் கொண்டுவந்து இந்தச் சீட்டைக் கேட்டால் கொடுத்துவிடுவேன். அதில் இரண்டாவது யோசனை இல்லை. இப்படி ஒரு சீட்டு இருப்பதே அவளுக்குத் தெரியாது என்பதுதான் இடிக்கிறது.